நூற்றுப் பதினான்கு

எங்கள் ஊரில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.
எண்பத்தாறிலேயே தளதளக்கும்.
அதனாலேயே எதுவும் சீக்கிரம் வேகாது.
நாலாயிரத்து நூறு மீட்டர்.
காற்றுக்கே மூச்சு வாங்கும் எல் ஆல்ட்டோ.
குக்கர் இல்லாத வீட்டில்
மதியத்துக்குப் போட்ட உருளைக்கிழங்கு
இரவுக்கு ஆகும்.

ஆய்வகத்தில் என் வேலை முடிந்தவற்றோடு.
விடை சொல்லிவிட்ட ரத்தம்,
சளி தடவிய தட்டு,
பெயர் கிழித்த குப்பி.
யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காசம் என்ற தாள்
மேலே போய்விடும்.
மிச்சம் என்னிடம் இறங்கும்.

ஊசிக்குத் தனிப் பெட்டி.
முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும்.
இன்னும் இடமிருக்கிறதே என்று
அமுக்கிய ஒரு கட்டைவிரலை எனக்குத் தெரியும்.
ஆறு மாதம் அது
தன் ரத்தத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

தட்டும் குப்பியும் சிவப்புப் பையில்.
சிவப்புப் பை ஆட்டோகிளேவில்.

அதைப் பொருத்த வந்தவர் சமவெளிக்காரர்,
சாந்தா குரூஸ்.
படியேறும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.
கோக்கா இலைத் தேநீர் கொடுத்தோம்.
அழுத்தமானியின் முள்ளைப் பதினைந்தில் நிறுத்தி
"இதைத் தொடாதே" என்றார்.
தான் மலையேறியது அவருக்கு வலித்தது.
பெட்டியும் ஏறியிருக்கிறது என்று தோன்றவில்லை.
வெப்பமானி வரும் வழியிலேயே உடைந்திருந்தது.

ஒவ்வொரு முறையும்
பையில் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழும்.
கோடு விழுந்தால் செத்தது என்று அர்த்தம்.
கட்டினேன், எண் போட்டேன், லாரியில் ஏற்றினேன்.
பதினோரு வாரம்.

பிறகுதான் வந்தன சோதனைக் குப்பிகள்.
எதற்கும் எளிதில் சாகாத கிருமியின் வித்து உள்ளே,
ஊதா நிறத் தண்ணீரில்.
ஒன்றைப் பெட்டியில் வேகவைத்தேன்,
ஒன்றைச் சும்மா வெளியே வைத்தேன்.
ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறுபோல.
வெளியே இருந்தது மஞ்சளாக வேண்டும்,
வெந்தது ஊதாவாகவே இருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டும் மஞ்சள்.

"குப்பி கெட்டிருக்கும்," என்றார் டாக்டர் இயானெஸ்.
"இன்னொன்று வரட்டும். அதுவரை எழுதாதே."
பதிவேட்டை மூடினேன்.
மூடிய கையோடு தெருவுக்கு வந்தேன்.

வெர்த்தாவின் சூப்புக் கடை.
புதுக் குக்கரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
"யுங்காஸில் என் தங்கை கால் மணியில் இறக்குகிறாளாம்.
இங்கே அதே குக்கர், அதே பருப்பு,
பல்லில் ஒடிகிறது."

சாப்பிடாமல் திரும்பி நடந்தேன்.

இரவல் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து மூடினேன்.
முள் பதினைந்து. நாடாவில் கோடு.
திறந்தால் நூற்றுப் பதினான்கு.
வேண்டியது நூற்று இருபத்தொன்று.
ஏழு டிகிரி.
நாடா பொய் சொல்லவில்லை:
சூடு பட்டது என்றுதான் சொன்னது.
செத்தது என்று படித்தது நான்.

தகட்டில் முப்பது வரை தாங்கும் என்றிருந்தது.
இருபத்தொன்றுக்கு ஏற்றினேன்.
அடுத்த குப்பி ஊதா.
முதல் குப்பியின் மஞ்சளையும்
தேதியோடு எழுதினேன்.
டாக்டர் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கையெழுத்திட்டார்.

கணக்கு பாக்கி.
வாரம் ஆறு நாள், நாளைக்கு இரண்டு பை:
நூற்று முப்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை குப்பைமேட்டுப் பக்கம் போனேன்.
வேலியோர வீட்டில் துணி காய்ந்தது.
ஒரு போர்வை, சின்னக் கால்சட்டைகள் மூன்று,
நடுவில், நன்றாகக் கழுவி, இரண்டு கிளிப் மாட்டி,
ஒரு சிவப்புப் பை.
என் கையெழுத்தில் எண் இன்னும் போகவில்லை:
எழுபத்தெட்டு.

"நல்ல கனமான பை. விதைக்கிழங்கு போட," என்றாள்
வீட்டுக்காரி ஹஸிந்தா.
காரணம் சொன்னேன்.
பாதி கேட்டு, பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.
யாருக்கும் காய்ச்சல் இல்லை, என்றாள்.
கொஞ்சம் கழித்து,
இருமல் எல்லோருக்கும் இருக்கிறதுதானே, என்றாள்.

நாளைக்கே பிள்ளைகளோடு வரச் சொன்னேன்,
பணம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.
பைக்கு ஐந்து பொலிவியானோ கேட்டாள்.
கொடுத்தேன்.

திங்கட்கிழமை, முள் இருபத்தொன்றில்,
அதைத் தனியாக வேகவைத்தேன்.
பதிவேட்டில் இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
எழுபத்தெட்டு, திரும்பி வந்தது.
மற்றவை